எங்கள் பைகளுக்கான இடம்

கறுப்பு ரெக்சின் பை. ஜிப் பாதியில் பிய்ந்துபோனதால் வாயைக் கயிற்றால் குறுக்காகக் கட்டியிருந்தது. கைப்பிடி அறுந்த இடத்தில் கோடு போட்ட சட்டைத்துணியைச் சுற்றித் தைத்திருந்தது. அதை விமானத்தில் ஒரு அண்ணன் கையிலிருந்து வாங்கியது நான்தான். பிடுங்கினேன் என்று சொல்ல முடியாது. சிரித்த முகத்தோடு கேட்டேன், அவரும் கொடுத்துவிட்டார். பிடுங்கியிருந்தால்கூட இந்த அளவுக்கு உறுத்தியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு வரும் விமானங்களில் நான் அப்போது பணிப்பெண். அன்னவாசல் பக்கத்துப் பெண் ஆகாயத்தில் வேலை பார்க்கிறாள் என்று எங்கள் தெருவில் ஒரே பெருமை. ஆகாயத்தில் நான் பார்த்த வேலையில் முக்கால்வாசி மூட்டைப் பஞ்சாயத்துதான். இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போகிறவர்கள் ஒரு பையோடா வருவார்கள்? கம்பளி, பால்பவுடர் டப்பா, பிள்ளைக்குப் பொம்மை, அப்பாவுக்குத் தைலம் என்று தோளிலும் கக்கத்திலும் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். தலைக்கு மேலே இருக்கிற பெட்டிகள் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும்.

அந்தப் பெட்டிகளில் எங்களுக்கும் பங்கு உண்டு. முன்வரிசைக்கு மேலே இருப்பவற்றில் ஒன்றில் ஆக்சிஜன் குப்பியும் முதலுதவிப் பொருட்களும் இருக்கும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு அடுத்த இரண்டு பெட்டிகள்தான் வில்லங்கம். அவை எங்களுடையவை என்று எந்தச் சட்டத்திலும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் பயணிகள் ஏறுவதற்கு முன்பே எங்கள் நான்கு பேருடைய பைகளும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். எங்களுக்கும் மாற்றுடை, சாப்பாடு, செருப்பு வைக்க ஓர் இடம் வேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மாற்றுடை மட்டுமா இருந்தது? எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்த மேடம் வாங்கிய இரண்டு ரோமக் கம்பளிகள் இருந்தன. நான் என் தம்பிக்கு வாங்கிய ஷூ, அட்டைப்பெட்டியோடு இருந்தது. டிக்கெட் எடுத்தவர் தன் இருக்கைக்கு மேலே கதவைத் திறந்து பார்ப்பார், எங்கள் பைகளைப் பார்ப்பார், மூடிவிடுவார். இன்றைக்கு நான் பயணியாகப் போகும்போதும் அதே கதவு அப்படித்தான் திறந்து அப்படித்தான் மூடுகிறது.

மேடம் சென்னைக்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். பயணி யாராவது முறைத்தால் அவர் நேரில் போகமாட்டார். “நீ போய் உங்க ஊர்ப் பேச்சுல பேசு, குடுத்துடுவாங்க” என்பார். கொடுத்துவிடுவார்கள் என்பதும் உண்மை. மற்ற பெண்கள் ஆங்கிலத்தில் மன்றாடிக்கொண்டிருக்கும் இடத்தில் நான் போய், “அண்ணே, அதை இங்கிட்டு குடுங்க, நான் பாத்துக்கிறேன்” என்றால் போதும். இறுகியிருந்த முகம் தளர்ந்துவிடும். “நீ நம்ம பக்கமா ஆத்தா?” என்று கேட்டபடியே பையை நீட்டுவார்கள். அதற்கு அடையாளச் சீட்டு கட்டிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவோம். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

அன்றைக்குக் காலையில் விமானத்தடிக்கு இரண்டாவது பேருந்தில் வந்து ஏறியவர்களில் அந்த அண்ணனும் ஒருவர். நாற்பது வயதிருக்கும். மூன்றாவது வரிசையில் நடு இருக்கை. மேலே திறந்து பார்த்தார், எங்கள் பைகள். பக்கத்தில் திறந்தார், அதுவும் எங்கள் பைகள். பின்னால் எல்லாம் நிரம்பிவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புறப்படும்போது பை மடியில் இருக்கக் கூடாது, காலுக்கடியில் திணித்துப் பார்த்தார், போகவில்லை. மேடம் கண்ணைக் காட்டினார். நான் போனேன்.

“அண்ணே, எந்த ஊரு?”

“பொன்னமராவதிக்கு அங்கிட்டும்மா.”

“நான் அன்னவாசல்ணே. பைய இங்கிட்டு குடுங்க, கீழ போட்டு அனுப்புறேன். எறங்குன ஒடனே வந்துரும்.”

“வேணாம்மா, மச்சானோட பேப்பரெல்லாம் இதுலதான் இருக்கு.”

“மச்சான் எங்கண்ணே?”

அவர் பக்கத்து இருக்கையில் இருந்தவரை ஒருமுறை பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “கீழ இருக்காரும்மா” என்றார்.

படிக்கட்டில் ஆட்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே பேருந்து ஒன்று வந்து நின்றுகொண்டிருந்தது. “அவரு மேல வரட்டும்ணே, நான் சொல்லிக்கிறேன். ஒங்க பாஸ்போர்ட் கையில இருக்குல்ல?” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டைப்பையைத் தொட்டு, “என்னோடது இருக்கு” என்றார். பிறகு கயிற்று முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டுப் பையை என்னிடம் கொடுத்தார். என் பேச்சுக்கு மரியாதை கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

திருச்சியில் இறங்கி, நாங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சாமான் வரும் பட்டைக்குப் பக்கமாக வெளியே போய்க்கொண்டிருந்தோம். எல்லோரும் எடுத்துக்கொண்டு போய்விட, பட்டை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அண்ணன் மட்டும் நின்றார். என்னைக் கண்டதும் வேகமாக வந்தார்.

“பை வரலியேம்மா. மச்சானக் குடுக்கமாட்டேங்குறாங்க. பேப்பரு கேக்குறாங்க.”

“யாரு குடுக்கமாட்டேங்குறாங்க? மச்சான் எங்க போனாரு?”

“அதான் சொன்னேனேம்மா, கீழ இருக்காருன்னு. பெட்டியில.”

அவருடைய தங்கை கணவர். வேலை செய்த இடத்தில் நெஞ்சுவலியில் விழுந்தவர் எழவில்லை. பதினோரு நாள் அலைந்து, மரணச் சான்று, தூதரகக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு உடலோடு கூட வந்திருக்கிறார். அந்த அசல் காகிதங்கள் இல்லாமல் சவப்பெட்டியை விடமாட்டார்கள். உடல் வருகிற விஷயத்தை விமானிக்குத்தான் தெரிவிப்பார்கள், எங்கள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. அவரோ எங்களுக்கெல்லாம் தெரியும் என்று எண்ணியிருக்கிறார். ‘மேல வரட்டும்’ என்று நான் சொன்னதையும் பெட்டியை ஏற்றட்டும் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் நம் பக்கத்துப் பெண், கீழ என்றால் புரிந்துகொள்வாள் என்று எண்ணியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குச் சந்தோஷமாகப் போகிறவர்கள் காதில் பிணம் என்ற சொல் விழக் கூடாது என்று அந்தச் சொல்லை விழுங்கியிருக்கிறார். தங்கை புருஷனை அந்தச் சொல்லால் சொல்ல அவருக்கு வாய் வரவும் இல்லை.

கடைசி நேரத்தில் வாங்கிய பைகள் ஏறிய இடத்திலேயே, கீழே வண்டியில் நின்றுவிட்டன, அதற்குள் சரக்கு அறைக் கதவை மூடிவிட்டார்கள் என்று தரைப்பணியாளர் விசாரித்துச் சொன்னார். மறுநாள் விமானத்தில்தான் வரும். வெளியே ஆம்புலன்ஸ் நின்றது. மேடம் என் தோளைத் தொட்டு, “வேன் நிக்குது, ரிப்போர்ட்ல எழுதிக்கலாம்” என்றார். நான் அங்கேயே நின்றிருக்கலாம். சவப்பெட்டியை விடச் சொல்லி அலுவலகங்கள்தோறும் அவரோடு ஏறி இறங்கியிருக்கலாம், எனக்கு ஆட்களைத் தெரியும். தம்பியின் ஷூவையும் இழுத்துக்கொண்டு வேனில் போய் ஏறினேன். ‘மேல்பெட்டிகளில் இடமில்லாததால், பயணியின் சம்மதத்துடன் பை கீழே அனுப்பப்பட்டது’ என்று மேடம் எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சம்பவத்தால் வேலையை விட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது பொய். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அதே பெட்டியில் என் பையை வைத்தேன், அதே பேச்சைப் பேசி மற்றவர்கள் பையை வாங்கினேன். கல்யாணம் ஆனதும்தான் விட்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். இரண்டு வாரம் கழித்து, பை வராத புகார்ச் சீட்டில் இருந்த விலாசத்தை வைத்து விசாரித்துக்கொண்டு துக்கம் கேட்கப் போனேன். பொன்னமராவதியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது இறந்தவர் வீட்டு வாசலில் அந்த அண்ணன்தான் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டட்டும் என்றுதான் போனேன். “வாம்மா” என்று உள்ளே அழைத்துப்போய், “பிளைட்டுல இருந்த பொண்ணு, அன்னவாசல்” என்று மட்டும் சொன்னார்.

இறந்தவரின் தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். சாயங்காலம் வந்துவிடுவான் என்று முதல் நாளே சொந்தமெல்லாம் வந்து கூடிவிட்டதாம். அடுப்பு பற்றவைக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். வரவேண்டிய நாளுக்கு மறுநாள் பொழுது சாயும் நேரத்தில்தான் பெட்டி வந்தது. ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது, இனி வீட்டில் இறக்க வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் வண்டியை நேராகச் சுடுகாட்டுக்கு விடச் சொல்லிவிட்டார்கள். வாசலில் வண்டி நின்ற நேரத்துக்குள் பெட்டிக் கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்தது தவிர, மகனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றக்கூட அந்தத் தாய்க்குக் கிடைக்கவில்லை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“அம்புட்டுப் பெரிய பிளைட்டுல ஒரு பைக்கு எடமில்லாமப் போச்சா ஆத்தா?”

அண்ணன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். விமானத்தில் அந்த மேல்பெட்டிக் கதவுகளைத் திறந்து உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன்.

“இல்லைங்கம்மா, எடமில்லை” என்றேன்.

அந்தத் தாய் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“அதான பாத்தேன். எடமிருந்தா நீ வக்காம இருப்பியா? நம்ம பக்கத்துப் புள்ள.”