இரண்டு இறாத்தல்

என் மாமாவை முதன்முதலாகப் பார்க்கிற எவரும், "என்ன தம்பி, அக்கா சாப்பாடு போடுறேல்லையோ?" என்றுதான் கேட்பார்கள். மாமா சிரிப்பார். அம்மாவுக்குத்தான் முகம் கறுக்கும். மாமா அவ்வளவு ஒல்லி. அந்த ஒல்லியால் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் கார்ப் பந்தயம். அதையும் ஒரு வருடம் சட்டத்தை மாற்றிப் பறித்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் மாமா இருந்தார். அவர் வேலை செய்த கராஜின் முதலாளி ஒரு வெள்ளைக்காரக் கிழவர். முழங்கால் மடங்காமற்போனதும் தன் ஸ்பிரின்ட் காரை மாமாவிடம் ஓட்டக் கொடுத்துவிட்டார். அதைக் காரென்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. கதவு கிடையாது. கூரையில் ஒரு கட்டிற்பலகையைச் சரித்துக் கட்டியதுபோல இறக்கை. பின்னால் இன்னொரு வண்டி வந்து முட்டித் தள்ளினால்தான் உயிர் வரும். பிறகு களிமண் வட்டத்தில் மண்ணை வாரியிறைத்துக்கொண்டு சுற்றும். "உதுக்கோ இவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டது?" என்பார் அம்மா.

முன்பெல்லாம் காரை மட்டும் நிறுப்பார்கள். அந்த வருடத்திலிருந்து, ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநர் உள்ளே இருக்கத்தக்கதாகக் காரைத் தராசில் ஏற்றி நிறுப்பார்களாம். குறித்த எடைக்குக் கீழே போனால், எத்தனையாவதாக வந்திருந்தாலும் கடைசி இடம். ஒல்லியானவர்கள் காரில் ஈயத்தகடு பூட்டிச் சரிக்கட்ட வேண்டும். மாமா இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஈயம் என்னத்துக்கு? நான் இருக்கிறன்."

அன்றிலிருந்து வீட்டில் காலையில் புட்டு, மத்தியானம் சோறு, இரவு மறுபடியும் புட்டு. சனிக்கிழமைப் பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ். மாமா மூன்று கோப்பை குடித்துவிட்டுப் போய் கராஜ் தராசில் ஏறினார். முதலாளி எரியப்போகிற எண்ணெயையும் கழித்துக் கணக்குப் பார்த்து, ஐந்து இறாத்தல், அதாவது இரண்டேகால் கிலோ மட்டும் கூடுதலாக விட்டு ஈயத்தைப் பூட்டினார். அதற்கு மேல் சுமந்தால் கார் சோம்பிப்போகும் என்பது அவர் கட்சி.

ஓட்டம் நடத்தும் முறையையும் மாற்றியிருந்தார்கள். முன்பு ஒரேயொரு தகுதிச் சுற்று, சீட்டெடுத்த இடத்தில் நிற்க வேண்டும். மாமாவின் கைக்கு எப்போதும் கடைசி வரிசைதான் வரும். இனி இரண்டு சுற்று. முதலாவதில் பின்னுக்கு நின்றவர் இரண்டாவதில் முன்னுக்கு நிற்பார். ஆக, மாமாவுக்கும் ஒரு வழி பிறந்தது. முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார்: இந்தச் சனிக்கிழமை முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கார் மாமாவிடம் இருக்கும். இல்லாவிட்டால் ஒஷாவாவில் ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை ஆடி அமாவாசை.

தாத்தா ஊரில் செத்தபோது மாமாவால் போக முடியவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா முறையான யாரோ. அதனால் மாமா எந்த விரதத்தை விட்டாலும் தகப்பனுக்குரிய இந்த விரதத்தை விடமாட்டார். முதலாளிக்கு அமாவாசை தெரியாது, அம்மாவுக்கு அந்த ஐந்து இறாத்தல் தெரியாது. கோயிலில் வரிசை நீண்டு, தர்ப்பணம் முடிய நேரம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து இலை போட்டுச் சாப்பிட நேரமில்லை. அம்மா சோறு கறியெல்லாம் வாழையிலையில் பொதியாகக் கட்டி, காகத்துக்கென்று ஒரு சின்னப் பொதியையும் வைத்து, இரண்டையும் என்னிடம் தந்தார்.

"காகத்துக்கு வைச்சு, அது எடுத்தாப்பிறகு மாமாவைச் சாப்பிடப் பண்ணு. நீதான் பொறுப்பு."

பந்தயத் திடலில், காரை ஏற்றிவந்த ட்ரெயிலரின் மூடிமேல் சின்னப் பொதியைப் பிரித்து வைத்தேன். வந்ததெல்லாம் சீகல் பறவைகள். பொரித்த கிழங்கு தின்று கொழுத்த வெள்ளைச் சீகல்கள். நான் கையை வீசி வீசிக் கலைத்தேன்.

முதற் சுற்றுக்கு முன் மாமா வந்தார். "காகம் வந்ததோ, மருமகள்?"

"இல்லை மாமா."

முதற் சுற்று முடிந்து மண் அப்பிய முகத்தோடு வந்தார். "இப்ப?"

"இல்லை. சீகல்தான்."

இரண்டாம் சுற்றில் முன்வரிசையில் நின்று முன்னுக்கே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இறுதி ஓட்டத்துக்குத் தெரிவாகிவிட்டார். முதலாளி நொண்டிக்கொண்டே துள்ளினார். மாமா நேராக என்னிடம் வந்து, முன்னால் குந்தியிருந்து, என் கண்ணைப் பார்த்தார்.

"வடிவாப் பாத்தனியோ பிள்ளை? ஒரு கறுப்பு வால்கூடத் தெரியேல்லையோ?"

"இல்லை மாமா. நான் கண்வெட்டாமல் பாத்தனான்."

என் மடியிலிருந்த பொதியை ஒருமுறை பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் அல்லவா.

பொழுது சாய்கிற நேரம் இறுதி ஓட்டம். மாமா மூன்றாவதாக வந்தார். நான் கத்திய கத்தில் சீகல்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. காரைத் தராசில் ஏற்றினார்கள். தராசுக்காரர் எண்ணைப் பார்த்தார், துடைத்துவிட்டுப் பார்த்தார், காரை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தார். இரண்டு இறாத்தல் குறைவு. மூன்றாம் இடம் கடைசி இடமானது.

முதலாளி ஒன்றும் விளங்காமல் ட்ரெயிலரடிக்கு வந்தார். பிரிக்காத வாழையிலைப் பொதி என் மடியில் இருந்தது. அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து, ஏற்றி இறக்கிப் பார்த்தார். அம்மா கட்டிய பொதி. நாலு இறாத்தலுக்குக் குறையாது. மாமாவைப் பார்த்தார். பிறகு பொதியைப் பத்திரமாக என் மடியிலேயே வைத்துவிட்டு, மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை கார் ஒஷாவாவுக்குப் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாகனத்துப் போன் ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்டது. "தம்பி, என்ன மாதிரி? காகம் வந்ததோ? சாப்பிட்டனியோ?"

"ஓம் அக்கா. ரெண்டு காகம் வந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டன்."

"அதுதானே, அப்பா வராமல் விடுவாரோ!" என்றார் அம்மா.

நான் மடியிலிருந்த பொதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னது பிழை என்று எனக்குத் தெரியும். இரண்டு காகம் என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லத் தெரிந்த மனிதர், என்னிடம் ஏன் மூன்று தரம் வந்து கேட்டார் என்பதுதான் மல்வேர்ன் வரும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.