நீங்க முன்னாடி போங்க

அந்த டிரைவரைப் பற்றி மூன்று வாரம் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் சுகாதார நிலையத்தில் டோக்கன் கொடுப்பவள் நான். பதினெட்டு வருஷமாக அதே மேஜை, அதே கால் ஆடும் நாற்காலி. எல்லோருக்கும் நான் டோக்கன் அக்கா. முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருக்கிறது, அதை விடுங்கள். செவ்வாய்க்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அன்றைக்கு வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்த்தால், உள்ளே ஊசி போடுகிறார்களா, தங்கம் சும்மா கொடுக்கிறார்களா என்று சந்தேகம் வரும். கத்திக் கத்தி மத்தியானத்துக்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும்.

அவர் எங்கள் வாசல் வழியாகப் போகிற பஸ்ஸை ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ரோட்டில் யாருக்கும் வழிவிட மாட்டார் என்று பெயர். ஓடி வருகிறவருக்காக அரை நிமிஷம்கூட நிறுத்த மாட்டார், நேரம் என்றால் நேரம்தான் என்பார். நானே ஒரு நாள் செருப்பு அறுந்துபோக அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி, வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மாத மகனைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டம்மை ஊசிக்கு வந்தார். ஐந்தாம் நம்பர் டோக்கன் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்த ஐந்து ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது, இவர் கையில் பதினாறு. குழந்தை அழுவுது, நீங்க முன்னாடி போங்க என்று மாற்றிக் கொடுத்துவிட்டாராம். அப்புறம் பதினாறும் கைமாறி இருபத்திரண்டு ஆயிற்று. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. வரிசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் அவரைக் காட்டி, மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

தட்டம்மை மருந்து ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்குச் சேர்த்து வரும். திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மீந்தது வீண். அதனால் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரே ஒரு பிள்ளைக்காக எங்கள் நர்ஸ் புதுக் குப்பி திறப்பதில்லை. டிரைவரின் முறை வந்தபோது குப்பி காலி. அடுத்த வாரம் சீக்கிரமாக வரச் சொல்லி நர்ஸ் அனுப்பியது. அடுத்த வாரமும் அதே கதை, அதற்கடுத்த வாரமும் அதே கதை. மூன்று வாரமும் நான் அவரைப் புகழ்ந்து தள்ளினேன். என்னைப் போல ஒரு மண்டு இருக்க முடியாது.

மூன்றாவது செவ்வாய்க்கு மறுநாள் அவருடைய மனைவி வந்தாள். துணி தைக்கும் கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரமாக மருந்து வரவில்லை என்று என் வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்புகிறீர்களே, மருந்து இல்லாத ஆஸ்பத்திரிக்கு எதற்கு இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்களைப் பார்த்தா இந்தப் பேச்சு? ரெஜிஸ்டரை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டக் கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் அந்த டோக்கன்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஐந்து, பதினாறு, இருபத்திரண்டு. அது பெருந்தன்மை இல்லை, பயம். அடிப்பாவி, மூன்று வாரமாக உன் கண் முன்னால் ஒரு மனிதன் பயந்து செத்துக்கொண்டிருந்தான், நீ அவனுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ரெஜிஸ்டரை மூடினேன். "ஆமாம்மா, மருந்து வரல. எங்க தப்புதான்" என்றேன். பதினெட்டு வருஷத்தில், செய்யாத தப்பை நான் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவள் கத்துவதை நிறுத்திவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் பொய் சொல்றீங்களேக்கா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதே செவ்வாய்க்கிழமை இங்கதான் ஊசி போட்டாங்க."

"தெரிஞ்சுமா என்னை இந்தக் கிழி கிழிச்சே?"

"வேற யாரைத் திட்டுறதுன்னு தெரியலக்கா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூத்தது பெண், இப்போது ஆறு வயது. அவளுக்கு இதே ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்திருக்கிறது. இவள் கம்பெனியில் இருந்த பகல் நேரத்தில், அவர் மடியிலேயே குழந்தைக்கு வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, பயப்பட வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. பெண் இன்றைக்கு வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறாள். ஆனால் அவருக்கு அந்த இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

"மருந்து வரலன்னு அவர் வந்து சொல்றப்பல்லாம் எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சுக்கா" என்றாள். "பொய்னு தெரிஞ்சே, சரிங்கன்னு சொல்லிட்டு என் வேலையைப் பார்த்தேன்."

இப்போது மகளின் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்து, ஒன்றை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மகளுக்கு ஊசி போட்டாயிற்று. சின்னவனுக்கு ஒன்றுமில்லை, அவனோ நாள் முழுக்க அக்கா மடியில்தான் கிடக்கிறான். வீட்டில் பேச்செடுத்தால் அவரைக் குத்திக்காட்டியது போல ஆகிவிடும் என்று இங்கே வந்திருக்கிறாள். எழுந்து போகும்போது, அவரைத் திட்டாதீங்க, ஆனா விட்டுடாதீங்க என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்ததும் ஒன்றாம் நம்பர் டோக்கனை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, பின்னால் நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா ரெண்டு, நீங்க ஒண்ணு. மாத்தினா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவேன் தம்பி" என்றேன். சொன்னதோடு நிற்காமல் மேஜையை விட்டு எழுந்து, அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். வரிசை முழுக்க என்னைத் திட்டியது. திட்டட்டும்.

நர்ஸிடம் நான் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். எப்போதும் பரபரவென்று இருக்கும் பெண், அன்றைக்கு உட்கார்ந்துகொண்டது. இவனுக்கும் வருமா என்று அவர் கேட்டார்.

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணே. அக்காவுக்கு வந்ததால, இவனுக்கு வர்றதுக்கு மத்த பிள்ளைங்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு கூடத்தான். ஆனா தட்டம்மை வந்துச்சுன்னா அந்தக் காய்ச்சல் இதைவிட ரொம்ப மோசம்."

காய்ச்சல் வந்தால் ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் வரும், வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றெல்லாம் அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லி, தன் போன் நம்பரை அட்டையில் எழுதிக் கொடுத்தது. அவர் பஸ் நிறுத்தங்களை ஒப்பிப்பது போல ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். அப்புறம் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு அவளை நான் கூட்டிட்டுப் போனது தப்பா சிஸ்டர்?"

அடப் பாவமே, இத்தனை வருஷமாக இதைத்தான் சுமந்துகொண்டிருந்தாரா? நர்ஸ் நிதானமாகச் சொன்னது.

"அவ வகுப்புல ரெண்டு பேருக்கு வந்துச்சே, அவளுக்கு வரலையே அண்ணே. நீங்க அன்னிக்குக் கூட்டிட்டுப் போனதாலதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையனின் சட்டைக் கையை அவரே மேலே ஏற்றிப் பிடித்தார். பையன் வீல் என்று கத்தினான். அப்பாவும் அழுதார். வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இருவரும் போனார்கள்.

அதிலிருந்து நானும் நாளை எண்ண ஆரம்பித்தேன். பஸ் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கி டிரைவர் யார் என்று பார்ப்பேன். ஏழு நாள் அவர்தான். எட்டாம் நாள் வேறு ஆள். ஒன்பதாம் நாளும் வேறு ஆள். பலவந்தமாகக் கையைப் பிடித்து உள்ளே தள்ளியவள் நான்தானே. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் பஸ் வந்து எங்கள் வாசலில் நின்றது. அங்கே நிறுத்தமே கிடையாது. ஹாரன் சத்தம் கேட்டு ஓடினேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"காய்ச்சல் வந்துச்சுக்கா. நூத்திரண்டு. ரெண்டு நாள் லீவு போட்டு மடியிலேயே வெச்சிருந்தேன். வலிப்பு வரல. இன்னிக்குக் காலைல அவங்க அக்கா முடியைப் பிடிச்சு இழுத்து அடி வாங்கினான்."

நடு ரோட்டில் நின்று அழுதேன். பஸ்ஸுக்குள் நேரமாச்சு, நேரமாச்சு என்று கத்தினார்கள். அவர் காதில் வாங்கவேயில்லை.

"அடுத்த ஊசி எப்பக்கா?"

ஆறு மாதம் கழித்து என்றேன்.

"எனக்கு ஒண்ணாம் நம்பர் எடுத்து வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

ஒன்றாம் நம்பர் டோக்கன் தினமும் வேண்டியது. அப்படியெல்லாம் எடுத்து வைக்க முடியாது. இருந்தாலும் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.