தடை குறைந்த கதை

கண்ணுக்குத் தெரியாத கம்பியில் கரண்ட் விட்டு, அதைக் காந்தத்துக்குள் வைத்து, மின்தடையை அளப்பது என் தொழில். "என்ன வேலை செய்யிறீங்க?" என்ற கேள்விக்குப் பயந்தே கல்யாண வீடுகளுக்குப் போகாதவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் இனம், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொடிக்கம்பி

பெருநாள் லீவில் எங்கள் ஊரான பள்ளிவாசல்துறைக்குப் போயிருந்தேன். வாப்பாவின் தங்கை, என் மாமி, "கம்பி வேலையாமே?" என்று விசாரித்தார். நானோ கம்பி என்றால் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, எங்களுடையது டோபாலஜிக்கல் அரை உலோகம் என்ற வகை என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட மாமி சொன்னார்: "அப்ப அதுல ஈரத் துணியும் போடேலாது."

தடை

காந்தத்துக்குள் வைத்தால் கம்பியின் மின்தடை பொதுவாகக் கூடும். எங்கள் கம்பியில், கரண்ட் ஓடும் திசையிலேயே காந்தப்புலமும் இருந்தால், தடை குறைய வேண்டும். வருடக்கணக்காகத் தேடியது அதைத்தான்; என் கலாநிதிப் பட்டமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. லீவுக்குள் ஆய்வுகூடத்திலிருந்து, என்னோடு அளக்கும் ஷிரானி ஃபோன் எடுத்து, குறைகிறது என்றாள். முற்றத்தில் நின்று, "தடை குறைஞ்சிட்டா? உண்மையாவா?" என்று கத்தினேன்.

பின்னேரம் மாமி இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்தார். என் கல்யாணப் பேச்சை இழுத்தடித்துக்கொண்டிருந்த பாலாவி மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது. "தடை நீங்கினா உடனே சொல்லணும் புள்ள, நாங்களும் எவ்வளவு நாளா துஆ கேக்குறோம்!"

ஒரு பக்கப் பூச்சு

ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது கட்டுரை எழுதி முடிந்திருந்தது, அனுப்புவதுதான் பாக்கி. எனக்கு மனம் ஒப்பவில்லை. கரண்ட் கொடுக்கும் உலோகப் பூச்சு கம்பியின் ஒரு பக்கத்தில்தான் பட்டிருந்தது. அப்படியானால், காந்தப்புலம் கம்பியின் திசையிலேயே இருக்கும்போது கரண்ட் அந்தப் பக்கமாகவே ஒதுங்கி ஓடலாம். மற்றப் பக்கத்தில் அளப்பவருக்குத் தடை குறைந்தது போலத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கிடைத்துவிடும். அந்த ஆசை எனக்கும் இருந்தது.

கம்பியைச் சுற்றிவரப் பூசி மறுபடி அளந்தோம். குறைந்த தடை காணாமல் போனது. நான் அழுதேன். எங்களை வழிநடத்தும் பேராசிரியர் சேர் புதிய அளவின் வரைபை வெகு நேரம் பார்த்துவிட்டு, கட்டுரையை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "அனுப்ப முதலே பிழையைப் பார்த்தீங்க மகள். சரி, அடுத்த கம்பியை எடுங்க."

எங்கள் தொழிலில் சரியாக அளப்பவருக்குப் பட்டம் ஆறுதலாக, நாள் எடுத்துத்தான் வரும். பிழையாக அளந்தவர்கள் இதற்குள் கலாநிதியாகியிருப்பார்கள்.