5.8 கிலோமீட்டர், இரண்டு ஜோடிப் புதுச் சப்பாத்து

பினாங்கு மலையை நடந்தே ஏறுவது எப்படி என்று தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் ஏறவில்லை. அடிவாரத்துக்குக்கூடப் போகவில்லை. நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜார்ஜ் டவுனில் 5.8 கிலோமீட்டர் நடந்தோம், அவ்வளவுதான். இருந்தாலும் படித்துவிட்டுப் போங்கள். வீட்டில் யாருக்காவது இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

பயணத்துக்குக் காரணம் என் அண்ணன் சேவியர். பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை வாசலில் இருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் மலை தெரியும். முப்பது வருடமும் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு நாளும் ஏறியதில்லை. பன்னிரண்டு வருடமாக இனிப்புநீர் வேறு. "நடங்க, நடங்க" என்று கிளினிக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஓய்வு பெற்ற மறுவாரம் தைப்பிங்குக்கு எனக்குப் போன் அடித்தார். "ரோஸ், மலைய நடந்தே ஏறிடுவோம். இப்ப ஏறலன்னா இனிமே எப்ப லா?" என்றார். சரி என்றேன்.

திட்டம் இதுதான். ஞாயிறு ஜார்ஜ் டவுனில் நடை, இரவு டத்தோ கிராமாட்டில் எங்கள் சித்தி மகள் ஜெசிந்தா வீட்டில் தங்கல், திங்கள் விடியலில் தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஜீப் பாதை வழியாக மலை. ஏற்றம் மட்டும் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்.

இதற்காக மூன்று வாரம் முன்பே தள்ளுபடியில் ஒரே மாதிரி இரண்டு ஜோடித் தோல் பூட்ஸ் வாங்கினோம். ஜோடி 189 வெள்ளி, அதாவது ரிங்கிட். கணுக்கால் வரை வரும், கெட்டியான தோல். மூன்று வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்திருந்தால் அந்தத் தோல் இளகியிருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உடுப்பானாலும் சரி, சப்பாத்தானாலும் சரி, புதுசு முதலில் மாதா கோவிலுக்குத்தான் போக வேண்டும். பூசை பார்த்த பிறகுதான் மற்ற இடம். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகியும் நாங்கள் இரண்டு பேரும் அதை மீறியதில்லை. அண்ணன் இன்னொரு படி மேலே. அந்த ஞாயிறு வரை பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "முப்பது வருஷம் சேஃப்டி பூட்ஸ் போட்ட கால் இது. இதுக்கா பழக்கம் வேணும்?" என்றார்.

சனிக்கிழமை மாலை தைப்பிங்கில் இருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் வந்தேன். பத்து வெள்ளிக்குள் அடங்கிவிடும். ஞாயிறு காலை 7.20க்குப் படகுத்துறை, ஆளுக்கு இரண்டு வெள்ளி, இருபது நிமிடத்தில் அக்கரை. வானம் மூடிக்கிடந்தது. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. அண்ணன் படகின் முன்பக்கம் நின்று, தெரிந்த பாதியைப் பார்த்துக்கொண்டே வந்தார். படகில்தான் அவர் காலைப் பார்த்துக் கேட்டேன், "சப்பாத்து எப்படி இருக்கு?"

"கச்சிதமா இருக்கு. பெருவிரல் நல்லா பிடிச்சு நிக்குது."

நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பதில் கிடைத்தது, நான் கடலைப் பார்த்தேன்.

படகுத்துறையில் இருந்து கோவிலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். பாதி வழியிலேயே என் குதிகால் எரிய ஆரம்பித்துவிட்டது. 8.30 தமிழ்ப் பூசையில் முழந்தாளிட்டபோது தோலின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே வெட்டியது. பிரசங்கம் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. எப்போது உட்காரச் சொல்வார்கள் என்று மட்டும் காத்துக்கொண்டிருந்தேன்.

9.45க்கு வெளியே வந்தோம். தூறல். லிட்டில் இந்தியாவில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. சுவரோவியம் பார்க்க வந்த கூட்டம் குடையோடு வரிசையில் நின்றது. நீங்கள் போனால் ஒன்பது மணிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைத்தான். கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதைக்கு ஐந்தடிப் பாதை என்று பெயர்தான், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். ஒவ்வொரு படிக்கும் நான் ஒரு முறை "ஐயோ" என்றேன். அண்ணனோ நேராக நடந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எரிச்சலாகவும் இருந்தது.

11.10க்கு பினாங்கு ரோடு பக்கம் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். எனக்கு ரொட்டி சானாய், அண்ணனுக்குச் சீனி போடாத தே. பில் நான்கு வெள்ளி இருபது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நான் நொண்டி வந்ததைப் பார்த்துவிட்டுத் தேயை அவரே கொண்டுவந்தார்.

"அக்கா, புதுச் சப்பாத்தா? கடிச்சிருச்சு போல. கழட்டிப் போட்டுட்டு உக்காருங்க, பரவால்ல. அண்ணே, நீங்களும் கழட்டிப் பாருங்க. ரெண்டும் ஒரே சப்பாத்து மாதிரி இருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்ல லா" என்றார் அண்ணன்.

"அவருக்கா? அவருக்கு எருமைத் தோலு. சப்பாத்துதான் பயப்படணும்" என்றேன் நான்.

கடைக்காரர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். நான் கழற்றினேன். இரண்டு குதிகாலிலும் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. எதிரே மருந்துக் கடையில் ஆறு வெள்ளி ஐம்பதுக்குப் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கொண்டேன். பெட்டியில் இன்னும் எட்டு மீதி இருந்தது. அதை அண்ணனிடம் நீட்டக்கூட இல்லை.

அங்கிருந்து டத்தோ கிராமாட் சாலையில் ஜெசிந்தா வீடு வரை நடந்தோம். கிரேப் வாடகைக் கார் கூப்பிட்டிருக்கலாம், எட்டு வெள்ளிதான் காட்டியது. "நாளைக்கு மலை ஏறுற ஆளு, இதுக்குப் போய் காடியா?" என்றார் அண்ணன். கடைசி அரைக் கிலோமீட்டரில் அவர் வலது காலை லேசாக இழுத்து வைத்தார். வயசாகிறது என்று நினைத்தேன். போன கிறிஸ்மசுக்கு, "இப்பல்லாம் கால் பஞ்சு மேல வைக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தது, போனது.

12.40க்கு வீடு. ஜெசிந்தா பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறாள். சத்தமும் அதற்கேற்ற சத்தம். "வாங்க, வாங்க, சோறு ஆறுது!" என்று உள்ளே இருந்தே கத்தினாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அண்ணன் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனார். கறுப்புக் காலுறை, வெள்ளை டைல்ஸ்.

ஜெசிந்தாதான் முதலில் பார்த்தாள். கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அண்ணே, கால்ல என்ன?"

"எங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் இருந்து மேசை வரை வலது காலுக்கு மட்டும் சிவப்பாகத் தடம். ஏழு தடம், எண்ணினேன். தனக்குப் பின்னால் யார் வந்தது என்று தேடுவதுபோல அவர் வாசலைப் பார்த்தார்.

காலுறையை ஜெசிந்தா வெந்நீர் விட்டுத்தான் எடுத்தாள். பெருவிரலின் மேல்தோல் முழுவதும் போயிருந்தது. பக்கத்து விரலும் அப்படித்தான். நான் வாசலுக்குப் போய் அவருடைய வலது சப்பாத்துக்குள் கையை விட்டேன். நுனியில் சப்பாத்துக் கடைக்காரன் அடைத்த காகித உருண்டை கல்லாக இறுகிக் கிடந்தது. என் சப்பாத்தில் இருந்து அதே உருண்டைகளைக் காலையில் நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டேன். இடது சப்பாத்தில் இருந்ததை அவரும் எடுத்திருக்கிறார். வலதை மறந்துவிட்டார். 5.8 கிலோமீட்டர் அதன் மேல் நடந்திருக்கிறார்.

"வலிக்கலையே லா. சத்தியமா வலிக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்ட குரலில்.

இரண்டு மணிக்கு கிளினிக். டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையை எடுத்தாள். "அங்கிள், கண்ண மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

அண்ணன் கண்ணை மூடினார். அவள் குதிகாலில் அழுத்தினாள், இழை வளைந்தது. பாதத்தில் அழுத்தினாள். விரல்களில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். அண்ணன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுக் கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நடக்கக் கூடாது என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். ஜெசிந்தா அவரை விடவில்லை, தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நான் திங்கள் தைப்பிங்குக்குத் திரும்பி வேலைக்குப் போனேன். வியாழக்கிழமை காய்ச்சல். வெள்ளிக்கிழமை விரல் கறுத்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். பதினோரு நாள் இருந்தார். அவர் கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலில் மலை தெரிந்தது. அந்தப் பதினோரு நாளும் மேகமே இல்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். புதுத் தோல் பூட்ஸை இரண்டு வாரமாவது வீட்டுக்குள் போட்டு நடங்கள். முதல் நாள் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கெட்டியான காலுறை போடுங்கள், பிளாஸ்டரைக் கடி விழுவதற்கு முன்பே ஒட்டுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் கால் சோதனை செய்யாமல் நெடுநடைக்குக் கிளம்ப வேண்டாம். போடும் ஒவ்வொரு தடவையும் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். வழியில் மணிக்கு ஒரு தரம் கழற்றிக் கண்ணால் பாருங்கள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். புதுசைக் கோவிலுக்குப் போட்டுப் போக ஆசையென்றால் போங்கள், குற்றமில்லை. ஆனால் பழக்கிய பிறகு போங்கள். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

என் கொப்புளங்கள் ஒன்பது நாளில் ஆறிவிட்டன. அந்தச் சப்பாத்தைத்தான் இப்போது வேலைக்குப் போட்டுப் போகிறேன். தோல் இளகிவிட்டது, கடிப்பதே இல்லை. அண்ணனின் ஜோடி ஜெசிந்தா வீட்டு வாசலில், அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் எடுத்துப்போடத் துணியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மத்தியானம் அண்ணன் கேட்டார், "ரோஸ், அன்னிக்கு உனக்கு எப்படி வலிச்சது? சொல்லு."

சொன்னேன். முதலில் சூடு மாதிரி இருக்கும், பிறகு அந்த இடம் மட்டும் தனியாகத் துடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் கத்தி வைத்த மாதிரி இருக்கும், கழற்றி எறியலாமா என்று தோன்றும். அவர் கதை கேட்பதுபோலக் கேட்டார்.

"எனக்கும் அப்படி இருந்திருந்தா, கழட்டியிருப்பேன்ல?"

"கழட்டியிருப்பீங்க அண்ணே."

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சாப்பாட்டுக் கடையில் அவர் கால் என் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் "நீங்களும் கழட்டிப் பாருங்க" என்று சொன்னார். நான் அதைச் சிரிப்பாக்கினேன். குனிந்து அந்தச் சப்பாத்துக் கயிற்றை நானே அவிழ்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை.