அக்காவின் கம்ப்யூட்டரை ஒழுங்குபடுத்தினேன்

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது இது. அப்போது நான் மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தினமும் வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவேன். படித்த படிப்புக்கு இது சின்ன வேலை என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது.

கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே டைப் செய்து, படம் வைத்துப் பக்கத்து பிரஸ்ஸுக்கு அனுப்புவோம். இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான். இன்னொன்றில் ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிர மொழியில் பேசுவார், எங்களிடம் தமிழில். விசைப்பலகையைப் பார்க்காமலே அவர் தமிழ் அடிக்கிற வேகத்தை இன்றுவரை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய டெஸ்க்டாப்பைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கறுப்புத் திரை. அதன்மேல் பெரிய பெரிய ஐகான்கள், மூலைக்கு ஒன்றாக. மஞ்சள் ஃபோல்டர் ஒன்றுகூடக் கிடையாது. காதணி விழாவுக்கு மரம், பூப்புனித நீராட்டுக்கு நட்சத்திரம், புதுமனை புகுவிழாவுக்குப் பூட்டு என்று எல்லாவற்றுக்கும் படத்தை மாற்றி வைத்திருந்தார். கண்ணீர் அஞ்சலி மட்டும் கீழே, வலது மூலையில் தனியாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பார்ட்டிக்கு ஒரு ஃபோல்டர், அந்த பார்ட்டியின் போட்டோ அதற்குள்ளேயே. சின்னப் பிள்ளை பொம்மை அடுக்கிய மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை அக்கா இரண்டு நாள் லீவு போட்டார். பரமக்குடியில் சொந்தக்காரர் கல்யாணம் என்று சொன்னார். அந்த இரண்டு நாளும் அவர் இடத்தில் உட்கார்ந்து நான் வேலை பார்த்தேன். சும்மா இருக்கவில்லை. மரம், நட்சத்திரம், பூட்டு எல்லாவற்றையும் எடுத்தேன். டெஸ்க்டாப்பைத் துடைத்து வைத்தேன். எல்லாம் டி டிரைவுக்குள் போனது. வருடம், அதற்குள் மாதம், அதற்குள் ஆங்கிலத்தில் பெயர். அங்கங்கே கிடந்த போட்டோக்களை எல்லாம் திரட்டி ஒரே ஃபோல்டரில் போட்டு, சின்ன எழுத்தில் பெயர் வரிசைப்படி வருகிற மாதிரி வைத்தேன். ஸ்கேன் செய்கிற படமும் நேராக அங்கேயே போய்ச் சேரும்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "இப்பத்தாம்மா ஆபீஸ் மாதிரி இருக்கு. படிச்ச பிள்ளைன்னா சும்மாவா" என்றார். அன்றைக்கு ஊர் போய்ச் சேரும்வரை அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அக்கா வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். பிறகு, "ஏம்மா, இதுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். எழுந்து போய், இங்கே தட்டினால் வருடம், இங்கே மாதம் என்று மளமளவென்று காட்டினேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். பாவம், புதுசாகக் கற்றுக்கொள்ளச் சிரமப்படுகிறார் என்று நினைத்தேன்.

பத்து மணி இருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அப்பாவை இழந்த மகன், கூட வந்தவர் அந்த வீட்டு மருமகன். மருமகன்தான் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்து, "மூணு மணிக்கு எடுக்குறோம்க்கா. அதுக்குள்ள ஒட்டணும்" என்றார்.

அக்கா படத்தை ஸ்கேன் செய்தார். பெயர்களை அடித்து முடித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இப்ப ஸ்கேன் பண்ணுன படம் எங்க போய் உக்காந்துருக்கு?"

என் வேலையிலிருந்து நான் தலையைத் திருப்பவில்லை. "போட்டோ ஃபோல்டர்லதான்க்கா. கடைசியில பாருங்க" என்றேன். எத்தனை தடவை சொல்வது என்கிற மாதிரி இருந்தது என் குரல்.

அவர் கடைசியில் இருந்ததை எடுத்து வைத்தார். எங்கள் சாஃப்ட்வேரில் படம் எப்போதும் கலங்கலாகத்தான் தெரியும். மீசை, வெள்ளைச் சட்டை. ஒரு தாளில் எடுத்து அந்த மகனிடம் கொடுத்தார்.

அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அக்கா, இது எங்க அப்பா இல்லயே" என்றார்.

அக்கா தாளை வாங்கி மூக்கு படுகிற அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். மறுபடி பார்த்தார். அப்போதும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் எழுந்து போய் அவர் பின்னால் நின்றேன். கடையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது புதுமனை புகுவிழாப் பத்திரிகைக்காக முந்தின வாரம் படம் கொடுத்துவிட்டுப் போன ஒருவர். உயிரோடு இருக்கிறவர். பெயர் வரிசைப்படி அடுக்கி வைத்தது நான்தான். புதிதாக வந்த படம் நடுவில் போய் நின்றிருந்தது. கடைசியில் பாருங்க என்று நான் சொன்னதே தப்பு. அது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

முதலாளி எழுந்து வந்தார். "எளவு வீட்டுக்காரங்களை வச்சுக்கிட்டு என்ன வேலை இது? கண்ணு தெரியுதா இல்லயா உனக்கு?" கோபத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

அக்கா தாளை மேஜையில் வைத்தார். "சரியாத் தெரியலண்ணே" என்றார்.



நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றியது நான், தப்பான இடத்தைக் காட்டியதும் நான் என்று. இரண்டே வாக்கியம். நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்து, "நீ வந்து முடிச்சுக் குடும்மா" என்றதும் அக்கா எழுந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் சரியான படத்தை வைத்தேன். மகன் என்னிடம், "நன்றிம்மா" என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா பையை எடுத்துக்கொண்டே பேசினார். சர்க்கரையால் இரண்டு வருடமாகக் கண்ணில் கோளாறாம். பரமக்குடிக்குப் போகவில்லையாம், கண்ணுக்கு லேசர் வைக்கப் போயிருந்தாராம். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பெண் பிளஸ் டூ படிக்கிறாள். "எழுத்து மங்குனாலும் படம் தெரியும்மா. எது எந்த மூலைன்னு கைக்குத் தெரியும். அம்புட்டையும் அப்படித்தான் வச்சிருந்தேன். கைவைக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல" என்றார். திட்டவில்லை. போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "எப்படியும் ஒரு நாள் தெரியத்தானேம்மா போகுது, விடு" என்றார். அதை நம்பிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று எவ்வளவோ முயற்சி செய்தேன். முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்து அக்கா வீட்டுக்குப் போனேன். மஹால் பக்கம் ஒரு குறுகிய சந்து. உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். என்னைப் பற்றி, வீட்டைப் பற்றியெல்லாம் கேட்டார். "அன்னைக்கு நான் முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லலக்கா" என்றேன்.

"தெரியும்" என்றார். "என் பின்னாடிதான நின்ன. சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பாத்துப் போம்மா" என்றார். மறுபடி போக எனக்கு முகம் இல்லை. அவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று தெரியாது.

இன்று திருநகரில் சொந்தமாக ஒரு சின்ன ஆபீஸ் நடத்துகிறேன். மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். நான் நல்லவள் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம், ஒரு மனுஷி எனக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்து, நான் பேசுவேன் என்று நம்பிக் காத்திருந்தது நினைவுக்கு வந்து, பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறேன்.