ஆறு வயதில் முளைத்த பல்

நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரம் வந்தாலே எனக்கு வயிறு எரியும். எங்கள் பல் மருத்துவமனையில் பெயர் பதிகிற மேஜை என்னுடையது. கன்னம் வீங்கிய பிள்ளைகளும், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்" என்று கூசாமல் பொய் சொல்கிற பெற்றோரும் முதலில் என்னிடம்தான் வருவார்கள்.

உள்ளே டாக்டருக்குப் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். விடுமுறைக்கு முன்பே ஒவ்வொரு தாயையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவார். "இனிப்பு குடுக்கணும்னா சாப்பாட்டோட குடு. நாள் பூரா சப்ப விடாத. ராத்திரி பல் தேய்ச்சப்புறம் தண்ணி மட்டும்தான். விருந்தாளி வந்தாலும் இதேதான்." எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். வாசலைத் தாண்டியதும் காற்றில் பறக்கவிட்டுவிடுவார்கள். அக்கா திட்டுவதை நான் ஒருநாளும் தப்பென்று நினைத்ததில்லை.

இந்த வருடம் பள்ளி திறந்த அன்று முதல் ஆளாக வந்தது அக்காவின் சொந்தத் தம்பி. கூட ஏழு வயது மகள். இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. லீவு முழுக்க டிவி முன்னால் மிட்டாய் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாளாம். "பால் பல்லுதானேக்கா. விழுந்தா முளைச்சிட்டுப் போகுது," என்றார் தம்பி.

அக்கா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எருமை, இதுவாடா பால் பல்லு? ஆறு வயசுல, எதுவும் விழாமலே எல்லாத்துக்கும் பின்னாடி வர்ற பல்லு இது. கடைசி வரைக்கும் இருக்க வேண்டியது. டப்பாவைப் பிடுங்கி மேல வைக்க உனக்குக் கை வரலையா?"

சத்தம் கேட்டு நானும் உள்ளே போனேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வேர் வரைக்கும் சொத்தை. "எடுத்துதான் ஆகணும். லீவு ஆரம்பத்துல வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார்.

தம்பி, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகத்தோடு, "அப்பவே வலிக்குதுன்னு போன் பண்ணேனேக்கா. நீதானே, 'பால் பல்லா இருக்கும், ஸ்கூல் தொறக்கிறப்ப பாத்துக்கலாம்'னு சொன்ன," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதுக்குன்னு டப்பாவை மறுபடி மறுபடி நிரப்பிக் குடுத்தீங்களா சார்?" என்று கேட்டேவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பாமல் கையைக் காட்டித் தடுத்தார். அந்தப் போன் வந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வேறொரு பிள்ளையின் வாயில் குழாயைப் பிடித்தபடி பேசினார். எந்தப் பல் என்று கேட்கவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் வாயையெல்லாம் விளக்கடித்துப் பார்க்கிறவர் கேட்கவில்லை.

பல்லை எடுத்து முடித்ததும் பஞ்சைக் கடித்துக்கொண்டே குழந்தை கேட்டாள், "அத்தை, இது எப்ப முளைக்கும்?"

தம்பி தரையைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது தம்பி மேல் இல்லை.

"முளைக்காதும்மா," என்றார். "உங்கப்பா கேட்டப்பவே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கணும். அத்தை சொல்லல."