எச்சில் தொட்ட கையெழுத்து

அம்பிட்டியவிலிருந்து பால் கொண்டுவருபவர்தான் செய்தியையும் கொண்டுவந்தார். "மரியநாயகம் ஐயா போயிட்டாங்க, மாஸ்டர். தூக்கத்துலயே." பாலை வாங்கிக்கொண்டு நான் கேட்ட முதற்கேள்வி, புத்தக அலுமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. கண்டியில் பழைய புத்தகம் சேர்க்கும் மற்றவர்களும் அன்று அதையே கேட்டிருப்பார்கள். அது காதில் விழுந்திருந்தால் மரியநாயகம் திருப்தியடைந்திருப்பார். எங்களைப் பற்றி அவர் அதைவிட நன்றாக நினைத்ததில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பயங்கள் தெரியும். கறையானுக்குப் பயம், கண்டி மழைக்குப் பயம், இரவல் கேட்பவருக்குப் பெரும் பயம். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தபோது அலுமாரிக்குக் குறுக்கே நின்று தன் மார்பில் வாங்கிக்கொண்டவர் அவர். "தீர்த்தம் நல்லதுதான் சாமி. ஆனா ஈரம் ஈரந்தானே" என்றார். எனக்கு ஒருமுறை விளக்கமும் தந்தார்: "படிக்கிறவனுக்குப் பயம் வேணாம், மாஸ்டர். வச்சிருக்கிறவனுக்குத்தான் வேணும்."

தோட்டத்துத் துரைமாருக்குச் சாமான் அனுப்பும் கடையொன்றில் அவர் கிளார்க். எந்தத் துரை கப்பலேறப் போகிறார், எந்தப் பங்களாவில் ஏலம் என்பது அவருக்கு முதலில் தெரிந்துவிடும். திரைச்சீலைக்கும் மீன்தட்டுக்கும் ஊர் அடித்துக்கொள்ளும்போது, தேயிலைப் பெட்டியில் கொட்டிக் கிடக்கும் புத்தகங்களிடம் அவர் தனியாகப் போவார். அவர் தேடியது ஆசிரியரே கையொப்பமிட்ட பிரதிகளை. ஆனால் சில பதிப்புகளில் கையெழுத்தையும் அச்சடித்தே விற்றார்கள். எது பேனா, எது அச்சு என்று அறிய எங்களிடம் ஒரு முறை இருந்தது. விரலை நாக்கில் வைத்து, கையெழுத்தின் கடைசி எழுத்தை மெல்லத் தொடுவது. மை ஒட்டினால் அசல். தண்ணீர் போதாதா என்று கேட்டேன். "தண்ணி கூடிப்போயிடும். எச்சிதான் அளவு" என்றார். இம்முறையால் கண்டி நகரில் கடைசி எழுத்துள்ள அசல் கையெழுத்து அநேகமாக இல்லாமற் போயிற்று.

பிலிமத்தலாவைக்கு அப்பால் ஒரு பங்களாவில் துரை காய்ச்சலில் இறந்து, சாமான்கள் ஏலம் போயின. மரியநாயகம் ஒரு பெட்டி புத்தகம் வாங்கிவந்தார். அதில் மலைநாட்டுப் பயண நூல் ஒன்று; முதற்பக்கத்தில் ஊதா நிறத்தில் ஆசிரியரின் கையெழுத்து. நூலின் பெயரை எழுத மாட்டேன். சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அதைப் பார்க்க நான் போயிருந்த அன்றுதான், அவருடைய தங்கை பிலோமினா தெருவிலிருந்து ஓடிவந்தாள். அந்தப் பங்களாவில் சமைத்த குசினிக்காரரை வைசூரி அம்மை என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துரைக்கு வந்ததும் அதுதானாம். ஏலத்தில் போன மெத்தை, துணி, தாள் எல்லாவற்றையும் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் சனிட்டரி ஐயா, வீடு வீடாக எடுத்து எரிக்கிறார். அவருடைய வண்டி மரியநாயகம் வீட்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

அம்மை குத்தும் ஊசிக்குப் பயந்து வாழ்நாளெல்லாம் ஒளிந்த மனிதர் அவர். முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் தானே வாசலுக்குத் தள்ளினார். ஒரு புத்தகம் மட்டும் கையில் நின்றது. அச்சுக் கையெழுத்தென்றால் போகட்டும். அசலென்றால் எப்படிக் கொடுப்பது? விரல் நாக்குக்குப் போயிற்று, பிறகு தாளுக்குப் போயிற்று. நுனியில் ஊதா.

"பேனாதான், மாஸ்டர்" என்றார். அப்படியொரு மகிழ்ச்சியை அவர் முகத்தில் நான் வேறெப்போதும் கண்டதில்லை. அந்த மகிழ்ச்சியில், மை போக விரலை மறுபடி நக்கிக்கொண்டார்.

பிலோமினாதான் முதலில் கேட்டாள். "அண்ணே, இப்ப என்ன செஞ்சீங்க?"

சனிட்டரி ஐயா வந்து, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது மரியநாயகம் தலையை மட்டும் அசைத்தார். வாய் திறக்கவில்லை. எச்சிலை விழுங்கவும் பயம், துப்பவும் பயம். புத்தகம் சட்டைக்குள் இருந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செபஸ்தியார் படத்துக்குப் பக்கத்தில், அம்மைக்கு அண்டை வீட்டுச் சைவர்கள் கட்டுவதுபோல, வேப்பிலையும் தொங்கியது. எந்தப் பக்கத்துச் சாமி கேட்கும் என்று யார் கண்டார்? நான் யன்னலிலிருந்து எட்ட நின்றே பேசினேன். நாள்தோறும் நெற்றியைக் காட்டி, "இது நுளம்புக் கடிதானே? நுளம்புன்னு சொல்லுங்க" என்பார். சொன்னேன். எனக்கு நிச்சயமில்லை. வீட்டுக்கு வந்து என் நெற்றியையும் பார்த்துக்கொள்வேன். இரவுகளில் அவர் செபம் சொல்லும் குரல் ரோட்டுவரை கேட்டதாகப் பால்காரர் சொன்னார்.

புத்தகத்தை எரித்துவிடும்படி பிலோமினா கதவுக்கு வெளியே அழுதாள். உள்ளிருந்து வந்த பதிலை நானும் கேட்டேன். "நான் செத்தா எரிச்சிரு. பொழச்சா இருக்கட்டும்."

காய்ச்சல் வரவில்லை. வெளியே வந்தவர் பாதியாக இளைத்திருந்தார். புத்தகத்தைத் துணியில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். அதற்குப் பின் அதை அவர் திறந்ததேயில்லை. நாங்கள் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றுவார். உயிரைப் பணயம் வைத்துக் காத்த பொருளைத் தொடுவதற்கு, இறந்த நாள்வரை, அவருக்குப் பயம்.

அடக்கம் முடிந்த மறுவாரம் போனேன். பிலோமினா அந்தப் புத்தகத்தைச் சுளகில் ஏந்திக் கொண்டுவந்தாள். கை படவில்லை.

"செத்தா எரிக்கச் சொன்னாரு, மாஸ்டர். ஆனா அது அம்மையில செத்தாத்தானே? இவரு சும்மாதானே செத்தாரு. எரிக்க மனசு வரல. வச்சிருக்கவும் பயமா இருக்கு. நீங்க கொண்டு போங்க."

கொண்டுவந்தேன். மரியநாயகத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் புத்தகமும் அவருடைய பயமும். ஒன்றை விட்டு மற்றதைப் பெற வழியில்லை. இத்தனை ஆண்டுக்குப் பின் தாளில் எந்த நோயும் தங்கியிராது என்று டாக்டர் ஒருவர் உறுதி சொன்னார். நம்புகிறேன். நேற்று மழைச்சாரல் அலுமாரிவரை வந்ததால், அதைத் துணியோடு எடுத்து மேல்தட்டில் வைத்தேன். பிறகு விளக்கேற்றும்வரை கதிரையில் உட்கார்ந்து, என் கை வாயருகே போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.